பழைய கூட்டுறவுப் பண்டகசாலையின் வரலாற்றைத் தேடும் முறை

சென்னை மாகாணத்தில் தோன்றிய ஒரு பழைய பண்டகசாலையின் வரலாற்றையோ பரஸ்பர உதவிச் சங்கத்தின் வரலாற்றையோ எழுத முனைபவர், அது எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஆவணங்கள் அந்தச் சட்டத்தை ஒட்டியே வெவ்வேறு அலுவலகங்களில் பிரிந்து கிடக்கின்றன. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்காக இயற்றப்பட்டது. பிற வகைக் கூட்டுறவுகளுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே தெளிவாக இடமளித்தது. ஆகவே, தொடக்க காலப் பண்டகசாலைகளைப் பெயரை மட்டும் வைத்துத் தேடக் கூடாது. 1904இல் தொடங்கப்பட்டு, டி.யு.சி.எஸ். என்று சென்னை மக்கள் இன்றும் அழைக்கும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே பண்டகசாலை என்ற சொல் கிடையாது. உறுப்பினர்களிடம் சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே கடன் தரும் ‘நிதி’ எனப்படும் அமைப்புகளை, 1872இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் போன்றவற்றை, கம்பெனிச் சட்டப் பதிவுகளிலும், கூட்டுறவு அல்லாத சபைகளையும் சங்கங்களையும் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் பதிவுகளிலும் தேட வேண்டும்.

அடுத்து, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் ஆண்டுதோறும் அரசுக்கு அளித்த அறிக்கைகளும் அவற்றின் மீதான அரசாணைகளும் தேடலுக்கு நல்ல அடித்தளம் தரும். ஆதிதிராவிடர்களுக்காக அமைக்கப்பட்ட சங்கங்களைப் பற்றிய செய்திகள் அவர்களின் நலனைக் கவனித்த அரசு அதிகாரியான லேபர் கமிஷனரின் அறிக்கைகளில் இருப்பதால், அவற்றைப் பாராமல் எழுதப்படும் ஊர் வரலாறு பெரும் பகுதி மக்களை விட்டுவிடும். கலைக்கப்பட்ட சங்கங்களின் அறிவிப்புகளைப் பழைய அரசிதழ்களில் தேடலாம்.

ஆயினும் உயிருள்ள செய்திகள் சங்கத்தின் சொந்த ஏடுகளில்தான் இருக்கின்றன. சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட துணைவிதிகளின் முதற்பதிப்பு கிடைத்தால் உறுப்பினர் தகுதி, செயல் எல்லை, பங்கின் மதிப்பு, கடனுக்குச் சரக்கு விற்பது பற்றிய விதி ஆகிய நான்கையும் வரிக்கு வரி படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கின் விலையை அக்காலக் கூலியோடு ஒப்பிட்டால், சங்கம் யாருக்காகத் திறந்திருந்தது என்பது விளங்கிவிடும். உறுப்பினர் பதிவேட்டில் தொழில் என்ற பத்தியை மேலிருந்து கீழாகப் படித்து, குமாஸ்தா, ஆசிரியர், வக்கீல், தொழிலாளி என்று வகை பிரித்து எண்ணுங்கள். தீர்மானப் புத்தகத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலப் பக்கங்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது பயன் தரும். அரிசித் தட்டுப்பாடும் விலைக் கட்டுப்பாடும் பண்டகசாலைகளைப் பெருகச் செய்த காலம் அது. கட்டுப்பாடு தளர்ந்த பின் வந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகளையும் உடன் வைத்துப் படித்தால், பெருகியவற்றில் எவை நிலைத்தன என்பது தெரியும்.

ஏடுகள் செல்லரித்திருந்தால் பக்கங்களை விரித்து அழுத்தாமல், செயலரின் அனுமதியோடு அங்கேயே படமெடுத்து, ஒரு படியைச் சங்கத்திடமே கொடுத்துவிடுங்கள். முதியோரின் நினைவும் கட்டடக் கல்வெட்டும் தரும் ஆண்டு, பதிவு ஆண்டோடு பொருந்தாமற்போவதுண்டு. கூட்டம் கூடித் தொடங்கிய நாள், பதிவான நாள், சொந்தக் கட்டடத்துக்கு மாறிய நாள் ஆகியவை வெவ்வேறு என்பதால், ஒன்றைத் தள்ளிவிடாமல் மூன்றையும் சான்றோடு தனித்தனியே எழுதுங்கள்.