மாடிக்குப் போனவர் திரும்ப வருவாரா: சீரியலில் மூத்தவர்களைக் கழற்றிவிடுவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

ஆல் மை சில்ட்ரன் என்ற அமெரிக்க சீரியலில் பாபி மார்ட்டின் என்று ஒரு பையன் இருந்தான். 1970களில் ஒரு நாள் பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூச வேண்டும் என்று மாடிக்குப் போனான். போனவன் போனவன்தான், இறங்கவே இல்லை. பல வருடம் கழித்து எழுத்தாளர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்டார்கள்: ஒரு காட்சியில் பரணில் ஓர் எலும்புக்கூடு கிடக்கும், அதன் தலையில் பாபி என்று பெயர் போட்ட குல்லா.

சின்னப் பையன் என்பதால் இது நகைச்சுவையாகப் போயிற்று. இருபது முப்பது வருடம் கதையைத் தூக்கிச் சுமந்த ஒருவரை இப்படி மாடிக்கு அனுப்ப முடியாது, பார்ப்பவர்கள் விடமாட்டார்கள். அதனால் மூத்த பாத்திரங்களை மெதுவாக, வலிக்காமல், நமக்கே தெரியாமல் நகர்த்துவார்கள். நாம் கவனிப்பதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும், "ஆமாம், அவர் எங்கே?" என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். பல வருடம் சீரியல் பார்த்துக் கெட்டுப்போனதில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம் இது. முகத்தைப் பார்க்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். முகம் கடைசியில்தான் போகும், பெயர் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும்.

ஒரு நோட்டு எடுங்கள், போனிலேயே குறித்தாலும் சரி. நாலு வாரம் போதும். உங்களுக்குச் சந்தேகமாக இருக்கும் அந்த ஒருவருக்காக நாலு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எத்தனை காட்சியில் வந்தார் என்று கோடு போட்டு வாருங்கள். இரண்டாவதில், பேச்சை அவர் தொடங்கினாரா, இல்லை யாரோ வந்து அவரிடம் புலம்பினார்களா என்பதைக் குறியுங்கள். மூன்றாவது, அந்தக் காட்சியில் பிரச்சினை யாருடையது. நான்காவதுதான் முக்கியம்: அவர் இல்லாத காட்சிகளில் மற்றவர்கள் அவர் பெயரை எத்தனை முறை சொன்னார்கள். "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்", "இது அவருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்", "அவர் அப்போதே சொன்னார்" என்று எப்படி வந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், திட்டினாலும் கூட.

முதல் கட்டம் ஏமாற்றும். வாரத்துக்கு மூன்று காட்சி வந்துகொண்டே இருப்பார், நாமும் நிம்மதியாக இருப்போம். இரண்டாவதும் மூன்றாவதும் காலியாகத் தொடங்கினால் அவரை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அதாவது இளசுகள் வந்து அழுதுவிட்டுப் போக ஒரு தோள். நான்காவதும் காலியா? இனி நாட்களை எண்ணலாம்.

நான் பார்த்துவந்த ஒரு சீரியலில் (பெயர் வேண்டாம், இன்னும் கோபம் போகவில்லை) ஒரு வீட்டுப் பெரியவர். அவர் மகள் எந்த முடிவு எடுத்தாலும் "அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்பாள். வருடக்கணக்காக அதே வசனம், எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் அவள் வீட்டை விற்கும் காட்சி. வாங்க வந்தவர் "எல்லோரிடமும் கேட்டுவிட்டீர்களா?" என்கிறார், அவள் "கேட்டாயிற்று" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள். அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் "இவள் அப்பனிடம் எப்போது கேட்டாள்?" என்றார். அந்தத் தேதியைக் குறித்துவைத்தேன். பெரியவர் அதற்கப்புறமும் ஏழு வாரம் வந்தார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார், பிறகு வெளியூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். ஒரு பெட்டியைக் கூடக் காட்டவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அறிகுறிகளைப் படிப்பது சுலபம். அமெரிக்கப் பகல்நேர சீரியல்களில் ஒப்பந்தம் மூன்று நான்கு வருடத்துக்கு என்று பேச்சுக்குச் சொன்னாலும், 13 வாரத்துக்கோ 26 வாரத்துக்கோ ஒருமுறை விலக்கிவிடும் உரிமை தயாரிப்பாளர் கையில் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ளவருக்கு வாரத்துக்கு இத்தனை எபிசோடு என்று உறுதி உண்டு, நடித்தாலும் நடிக்காவிட்டாலும் பணம் கொடுக்க வேண்டும். பட்ஜெட் இறுகும்போது பழையவர்களை முதலில் அந்த உறுதியிலிருந்து இறக்கி, கூப்பிடும்போது வந்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்த நடிகர் அடுத்த மாதம் கிடைப்பாரா என்று எழுத்தாளருக்கே தெரியாது, அப்புறம் எப்படி அவரை நம்பி ஒரு டிராக் எழுதுவார்? மற்ற பாத்திரங்களின் வாயில் அவர் பெயரை வைக்கவும் தயங்குவார், ஏனென்றால் பெயர் வந்தால் பார்ப்பவர்கள் ஆளைத் தேடுவார்கள். பெயர் முதலில் காணாமல் போவதன் காரணம் இதுதான், இதில் சதி ஒன்றும் இல்லை. தலைமை எழுத்தாளர் மாறினாலும் இதே கதைதான். புதியவர் தனக்கென்று ஒரு புதுக் குடும்பத்தோடு வருவார், அந்தக் குடும்பத்துக்கு இடம் வேண்டுமே.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது, செட்டையும் கவனியுங்கள். ஸ்டுடியோவில் ஒரே நேரத்தில் சில செட்தான் நிற்கும். ஒருவருடைய வரவேற்பறையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் அவருக்கு நிற்க இடம் கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அடுத்தவர் வீட்டு வாசலில், கடையில் என்று மட்டுமே வருவார். ஒரு மாதமாக ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கவில்லை என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு பழைய அறிகுறி காபி. கையில் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டால் கதை போய்விட்டது என்று எங்களைப் போன்றவர்களுக்குள் ஒரு பேச்சு. இதில் ஒரு வேடிக்கை: ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ் என்ற அமெரிக்க சீரியல் 1956 ஏப்ரல் 2 அன்று தொடங்கியபோது முதல் வசனத்தைப் பேசியவர் நான்சி ஹியூஸாக நடித்த ஹெலன் வாக்னர். அவர் காபி ஊற்றும் விதம் பிடிக்கவில்லை என்று சீரியலை உருவாக்கிய இர்னா ஃபிலிப்ஸ் அவரை ஆரம்பத்திலேயே நீக்கினார், பிறகு திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது என்று ஒரு கதை உண்டு. அப்படிப் பார்த்தால் காபியை ஒழுங்காக ஊற்றத் தெரிவதும் ஒரு வேலைப் பாதுகாப்புதான்.

சரி, ஆள் வெளியேறிவிட்டார். திரும்பி வருவாரா என்பதை வெளியேற்றிய விதத்திலேயே படிக்கலாம். உடலைக் காட்டினார்களா என்பது முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் நெய்பர்ஸில் ஹெரால்ட் பிஷப் 1991இல் பாறையிலிருந்து கடலுக்குள் போனார், மூக்குக்கண்ணாடி மட்டும் கிடைத்தது. 1996இல் ஞாபகம் எல்லாம் போய், வேறு பெயரோடு வந்து நின்றார். பிரிட்டனின் ஈஸ்ட்எண்டர்ஸில் டென் வாட்ஸை 1989இல் கால்வாய்க் கரையில் சுட்டார்கள், 2003இல் வாசல் வழியாக நடந்து வந்தார், 2005இல் மறுபடி கொல்ல வேண்டியிருந்தது. டல்லாஸ் என்ற அமெரிக்க சீரியலில் ஜாக் யூயிங்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981இல் காலமானார். பாத்திரத்தைத் தென் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லிக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள், பிறகு ஹெலிகாப்டர் விபத்து. அங்கேயும் உடல் கிடைக்கவில்லை, அதனால் பின்னால் ஒருவர் "நான்தான் ஜாக்" என்று வந்து நிற்க முடிந்தது.

கூட்டமாகச் சாகடிக்கும் எபிசோடுக்கு ரொம்பப் பதறாதீர்கள். டைனஸ்டி என்ற அமெரிக்க சீரியலில் 1985இல் கல்யாண வீட்டில் எல்லோரையும் சுட்டுத் தள்ளினார்கள். அடுத்த சீசன் தொடங்கினால் செத்தது இரண்டே பேர், இரண்டு பேருமே முக்கியமானவர்கள் இல்லை. ஆளை மாற்றி "இனி இவருக்குப் பதில் இவர்" என்று போட்டால் நமக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நல்ல செய்தி, அந்தப் பாத்திரம் இன்னும் தேவைப்படுகிறது. பயப்பட வேண்டியது வெளியூர் போகிறவர்களுக்குத்தான், அதுவும் வழியனுப்ப ஒருவரும் வராமல் போகிறவர்களுக்கு.

போன பிறகும் நோட்டை மூடாதீர்கள். அடுத்து வரும் கல்யாணம், சாவு, பிரசவம் மூன்றையும் பாருங்கள், யாராவது அவர் பெயரைச் சொல்கிறார்களா என்று. டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸில் ஆலிஸ் ஹார்ட்டனாக 1965இலிருந்து நடித்த ஃபிரான்சிஸ் ரீட் கடைசியாகத் திரையில் வந்தது 2007இல். 2010 பிப்ரவரியில் 95 வயதில் காலமானார். ஆலிஸ் இறந்தது அந்த வருடம் ஜூன் மாதம்தான், அப்போது ஹார்ட்டன் குடும்பத்தின் பழைய ஆட்கள் பலர் திரும்பி வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் முகமே இல்லாமல் ஒரு பாட்டி கதைக்குள் உயிரோடு இருந்திருக்கிறார்.

இதைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்எண்டர்ஸில் ஜிம் பிரானிங்காக நடித்த ஜான் பார்டனுக்கு 2007இல் பக்கவாதம் வந்தது. யோசித்துப் பாருங்கள், வெளியூர் அனுப்பிவிட எவ்வளவு வசதியான காரணம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2008 ஜனவரி 31 அன்று அரை மணி நேரமும் ஒரே ஆளை உட்கார வைத்தார்கள்: ஜிம்மின் மனைவி டாட், அதாவது ஜூன் பிரவுன். அவர் முன்னால் ஒரு கேசட் ரெக்கார்டர். ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவருக்காக அதில் பேசிப் பதிவு செய்கிறார். வேறு யாரும் வரவில்லை, ஜிம்மும் வரவில்லை. என் நோட்டு முறைப்படி பார்த்தால் முதல் மூன்று கட்டமும் பூஜ்யம், நான்காவது கட்டத்தில் கோடு போட்டே கை வலித்திருக்கும். எழுத மனமிருந்தால் ஆள் இல்லாமலும் எழுதலாம் என்பதற்கு இதைத்தான் எல்லோருக்கும் காட்டுவேன்.

நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஆள் போவதற்கு முன்னாலேயே சீரியல் எடுப்பவர்களுக்கு எழுதுங்கள், நான்காவது கட்டம் காலியாகும் அந்த வாரமே. "அவருக்கு நிறையக் காட்சி கொடுங்கள்" என்று எழுதினால் சாய்வு நாற்காலிக் காட்சியை இரண்டாக்கித் தருவார்கள். கதையில் விட்டுப்போனதைக் கேளுங்கள்: வீட்டை விற்றது அப்பாவுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன சொல்வார்? இப்படிக் கேட்டால் அது ஒரு காட்சிக்கான விதை, எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம்.

காபிக்காரம்மாவைப் பாதியில் விட்டுவிட்டேன். ஹெலன் வாக்னர் 2010 மே 1 அன்று காலமானார், சீரியல் அதே வருடம் செப்டம்பர் 17 அன்று முடிந்தது. 1956இல் அவர் பேசிய அந்த முதல் வசனம் "குட் மார்னிங், டியர்". 54 வருடம் கழித்து, நான்சியின் மகன் டாக்டர் பாப் தன் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது பேசியதுதான் கடைசி வசனம்: "குட் நைட்". அதில் அம்மா பெயர் இல்லைதான். ஆனாலும் நான்காவது கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.