டெனாலி 14 கேம்ப்பில் புயலைக் காத்திருந்து கழிப்பது எப்படி

அலாஸ்காவின் டெனாலியில் (6,190 மீட்டர்) வெஸ்ட் பட்ரெஸ் வழியாக ஏறுகிறவர்கள் மூன்று வாரத்துக்குத் திட்டமிடுகிறார்கள். அதில் கணிசமான நாட்கள் டென்ட்டுக்குள் படுத்தே போகும். எந்த உயரத்தில் படுப்பது என்பதுதான் முதல் முடிவு. 4,330 மீட்டரில் உள்ள 14 கேம்ப்பில் காத்திருங்கள், 5,240 மீட்டர் ஹை கேம்ப்பில் வேண்டாம். மேலே பசிக்காது, தூக்கம் வராது, சும்மா கிடந்தாலே உடம்பு இளைக்கும். அங்கே நான்கு நாள் அடைந்து கிடந்தவருக்கு ஐந்தாம் நாள் வானம் தெளிந்தாலும் சிகரத்துக்குப் போகத் தெம்பு மிஞ்சாது. ஹை கேம்ப்பில் இருக்கும்போது மோசமான முன்னறிவிப்பு வந்தால், காற்று எழும்புவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். எழும்பிய பிறகு இரண்டு கேம்ப்புகளுக்கும் இடையிலுள்ள கூர்முகட்டில் இறங்குவது அங்கேயே தங்குவதைவிட ஆபத்து.

மாலையில் ரேடியோவில் வாசிக்கப்படும் முன்னறிவிப்பைத் தவறவிடாதீர்கள். கூடவே கைக்கடிகாரத்தின் உயரமானியையும் பாருங்கள். நீங்கள் நகராமல் இருக்கும்போதே அது உயரத்தைக் கூட்டிக் காட்டினால் காற்றழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். இந்த உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் சரிந்தால் உயரமானி சுமார் 12 மீட்டர் ஏறும். ஒரே இரவில் 60 மீட்டர் கூடியிருந்தால் உடனே டென்ட்டைச் சுற்றிய பனிச்சுவரைப் பலப்படுத்தத் தொடங்குங்கள். எதிரே தெரியும் ஃபோரேக்கர் சிகரத்தின் மேல் வழுவழுப்பான தொப்பி மேகம் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

டென்ட் போடுமுன் அந்த இடம் முழுவதும் புரோப் கம்பியால் குத்திப் பனிப்பிளவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு பனிவாளால் கட்டிகள் அறுத்துச் சுவர் எழுப்ப வேண்டும். சுவர் டென்ட் உயரத்துக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் கட்டினால் காற்று அடியை அரித்ததும் சாய்ந்து டென்ட்டின் மேலேயே விழும். அடிவரிசையை இரட்டையாக வையுங்கள், இடுக்குகளில் பொடிப்பனியை அடைத்து இறுக்குங்கள். பலரும் தவறு செய்வது இடைவெளியில்தான். சுவருக்குப் பின்னால் காற்றின் வேகம் குறையும்போது அது சுமந்து வரும் பனி அங்கேயே கொட்டும். சுவர் டென்ட்டை ஒட்டியிருந்தால் நடுவில் நிரம்பும் பனி துணியை அழுத்திக் கம்பியை முறிக்கும். ஒரு ஆள் ஷவலோடு நடந்து போகும் அளவுக்கு, அதாவது சுமார் ஒரு மீட்டர் விடுங்கள்.

சாதாரண முளை இந்தப் பனியில் பிடிக்காது. சிறு துணிப்பையில் பனியை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் கிடைமட்டமாகப் புதைத்து மிதித்துவிடுங்கள். ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடும். நைலான் துணி குளிரிலும் ஈரத்திலும் தொய்யும் என்பதால் கட்டுக்கயிறுகளைத் தினமும் இழுத்துக் கட்ட வேண்டும்.

கடும் பனிப்பொழிவில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை முறைவைத்து வெளியே போய் அள்ள வேண்டியிருக்கும். ஷவலை இரவில் வாசல் மறைப்புக்குள்ளேயே வையுங்கள், வெளியே குத்தி வைத்தால் காலையில் கிடைக்காது. துணிக்கு அருகே உலோக விளிம்பைக் கொண்டுபோகாமல், உள்ளேயிருந்து தட்டிவிட்டு வெளியே கையால் தள்ளுங்கள். பக்கத்து டென்ட்டுக்குப் போகும் வழியில் மூங்கில் குச்சிகளை நட்டுவிடுங்கள். வெள்ளைப் புயலில் பத்தடி கூடத் தெரியாது.

இனி ஸ்டவ். டென்ட்டுக்குள் புயலைவிட அமைதியாக ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடுதான். பனி மூடிய டென்ட்டில் காற்று புகாது. அந்த வாயு தரும் தலைவலியும் குமட்டலும் உயர நோய் போலவே இருப்பதால் யாரும் ஸ்டவ்வைச் சந்தேகிப்பதில்லை. வாசல் மறைப்பில் குழி தோண்டி அங்கே சமையுங்கள். மேல் திறப்பு, கீழ் திறப்பு இரண்டும் எரியும் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். எரிபொருளை ஊற்றும்போது கையுறை கட்டாயம்: மைனஸ் 25 டிகிரியில் வொயிட் கேஸ் என்ற திரவ எரிபொருள் உறையாது, ஆனால் விரலில் பட்டால் ஆவியாகிக்கொண்டே அந்த இடத்தை உறைய வைத்துவிடும்.

எல்லாத் தண்ணீரும் பனியை உருக்கித்தான் என்பதால் ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் எரிபொருள் கணக்கு வையுங்கள். காலிப் பாத்திரத்தில் பனியை மட்டும் போட்டால் அடி தீய்ந்து தண்ணீரில் வாடை ஏறும். எப்போதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள், பனிக்கட்டி மேலே கட்டுவதால் மூடி அடைபடாது. உள் பூட்ஸ், பேட்டரி, லைட்டர், சன்ஸ்கிரீன் எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள். சிறுநீருக்கான பாட்டிலில் இருட்டிலும் கைக்குத் தெரியும்படி டேப் சுற்றிவையுங்கள். குடிக்கும் பாட்டிலோடு குழம்பிப்போனவர்கள் இருக்கிறார்கள்!

சாப்பிடாமல் தூங்கியே கழிக்கும் ஆளைக் கவனியுங்கள். அது சோம்பலா, மூளை வீக்கத்தின் தொடக்கமா என்று படுத்திருக்கும்போது தெரியாது. சுவரோரம் குதிகாலை விரல் முனையோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் ரேஞ்சர் முகாமுக்குத் தகவல் போக வேண்டும், இறக்கும் ஏற்பாடும் தொடங்க வேண்டும்.

டென்ட் தாங்காது என்று தோன்றினால் அது கிழிவதற்கு முன்பே பனிக்குகை தோண்டுங்கள். தோண்ட மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், கிழிந்த பிறகு அந்த நேரம் கிடைக்காது. வாசல் படுக்கைத் தளத்துக்குக் கீழே இருக்கட்டும், கூரையில் ஒரு காற்றுத் துளை வேண்டும், ஒரு ஷவல் உள்ளே இருக்க வேண்டும்.

வானம் திறந்த முதல் காலையில் மேலே செங்குத்துச் சரிவில் பிடித்து ஏறக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு (ஃபிக்ஸ்ட் லைன்) ஓட ஆசை வரும். புதுப்பனியும் காற்று அடித்துக் குவித்த பாளமும் சரிவில் ஒட்டிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாளாவது விடுங்கள். இறங்கும் வழிக்கும் இது பொருந்தும்: 2012 ஜூனில் 14 கேம்ப்புக்குக் கீழே உள்ள மோட்டார்சைக்கிள் ஹில் சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் கீழே இறங்கிக்கொண்டிருந்த நான்கு ஜப்பானிய மலையேறிகள் இறந்தார்கள். அந்த ஒரு நாளில் புதைத்து வைத்த உணவை எடுத்துச் சரிபாருங்கள். ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் இருந்தால் அண்டங்காக்கைகள் ஏற்கெனவே கிளறியிருக்கும். சிகரத்துக்குப் போய்வரத் தேவையானதற்கு மேல் மூன்று நாள் உணவும் எரிபொருளும் மிஞ்சவில்லை என்றால் கீழே இறங்குங்கள். விமானம் வந்து இறங்கும் கஹில்ட்னா பேஸ் கேம்ப்பிலும் அது வராமல் நாள்கணக்கில் உட்கார நேரும் என்பதால், ஏறும்போதே அங்கே ஒரு பை உணவைப் புதைத்துக் குச்சி நட்டுவிட்டு வர வேண்டும்.