பரோலோ வைனைச் சுவைக்க ஒரு குறிப்பு
இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யப்படும் சிவப்பு வைன், பரோலோ. நிறம் வெளிறித் தெரிவதால் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மடக்கிலேயே பச்சை வாழைப்பூவைக் கடித்ததுபோல் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கும். வைனில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது.

அதிக வருடம் ஆகாத இளம் பரோலோ என்றால், குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே காற்றுப்படும்படி அகன்ற குடுவையில் ஊற்றி வையுங்கள். பாட்டிலை வெறுமனே திறந்து வைப்பதில் பெரிய பயன் இல்லை. குடிக்கும்போது வைனின் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சூடு கூடினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, அருமையான ரோஜா வாசனையை மறைத்துவிடும்.

சின்ன மடக்காக எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, அப்புறம் விழுங்குங்கள். கொழுப்புள்ள மாட்டிறைச்சியோ முற்றிய சீஸோ ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு அடுத்த மடக்கைக் குடித்தால் துவர்ப்பு நன்றாக அடங்கும்.