விக்டோரியா சவரனில் அச்சு வேறுபாடு கண்டுபிடிப்பது எப்படி?

நகைக்கடையில் நாம் சொல்லும் ‘சவரன்’ இந்த பிரிட்டிஷ் தங்கக் காசின் பெயர்தான். 22 காரட் தங்கம், எடை 7.988 கிராம், நம் 8 கிராம் கணக்கு அதிலிருந்து வந்தது. அச்சு என்றால் காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டை; அதில் நேர்ந்த பிசகோ திருத்தமோ காசில் தெரிவதுதான் அச்சு வேறுபாடு. இங்கே ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலையும் மறுபக்கம் கேடயமும் பொறித்த சவரனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் 1838 முதல் 1874 வரை அடித்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காசு கிடையாது.

படி 1: அச்சின் குறையா, காசின் காயமா?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுத்தையும் ஆண்டின் எண்களையும் பஞ்ச் (முனையில் எழுத்தோ எண்ணோ உள்ள எஃகு உளி) வைத்துக் கையால் அச்சில் அடித்துத் திருத்துவார்கள். கை கொஞ்சம் பிசகினால் அந்தப் பிசகு அச்சில் பள்ளமாகப் பதியும். அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. அதே அச்சில் பிறகு அடித்த காசுகளிலும் அது அப்படியே வரும். கீறல் அப்படியல்ல, அது காசில் பள்ளமாக இருக்கும், அந்த ஒரு காசோடு போய்விடும். ஆகவே மேடா பள்ளமா என்று முதலில் பாருங்கள்.

படி 2: வெளிச்சம்

10 மடங்கு லென்ஸ் போதும். காசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். நேர் வெளிச்சத்தில் தங்கம் பளபளத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். காசை மெல்லச் சுழற்றினால் மேடுகளின் நிழல் நகரும்.

படி 3: அச்சு எண்

கேடயப் பக்கத்தைத் திருப்புங்கள். கேடயத்தைச் சுற்றிய கிளைகளைக் கட்டிய முடிச்சுக்கும் கீழே உள்ள சிறு பூங்கொத்துக்கும் நடுவில் பொடி எண் ஒன்று இருக்கிறதா? எந்த அச்சில் அடித்தது என்று பின்னால் தெரிய 1863 முதல் 1874 வரை லண்டனில் போட்ட எண் அது. 1863, 1872 ஆண்டுகளில் எண் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. 1871 முதல் அந்த இடத்தில் ‘எஸ்’ இருந்தால் சிட்னியில் அடித்தது, ‘எம்’ என்றால் மெல்போர்னில் அடித்தது.

படி 4: தலைப் பக்கம்

ராணியின் கழுத்து வெட்டுப்பட்டு முடியும் இடத்தில், இந்தத் தலையைச் செதுக்கிய வில்லியம் வயானின் முதலெழுத்துகள், அதாவது இரண்டு ‘டபிள்யூ’, இருக்கும். அவை மேடாக இருக்கின்றனவா, குழிந்திருக்கின்றனவா? 1853-ஆம் ஆண்டுக் காசுகளில் இரண்டு விதமும் கிடைக்கும். 1863 காசில் அதே இடத்தில் 827 என்ற எண் தெரிந்தால், மிக அரிய காசு கையில் இருக்கிறது.

1859 காசு கிடைத்தால் ராணியின் தலைமுடியைக் கட்டிய ரிப்பனை நிதானமாகப் பாருங்கள். அந்த வருடம் லண்டன் நாணயச் சாலைக்கு வந்த தங்கத்தில் ஒரு பகுதி அடித்தால் உடைகிற தங்கம். அதை வீணாக்காமல் காசாக்கலாம் என்று அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஆன்செல் செய்து காட்டினார். 1,67,539 காசுகள் அடித்தார்கள். அடையாளத்துக்காக ரிப்பனின் கீழ்ப்பகுதியில் ஒரு கோடு கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்! என் மனதுக்கு மிகப் பிடித்த வேறுபாடு இது. ஒரு மயிரிழைக் கோட்டுக்குள் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. ஆனால் தேய்ந்த காசில் இந்தக் கோட்டை நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண 1859 காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படி 5: ஆண்டும் எழுத்தும்

சில காசுகளில் ஆண்டின் கடைசி எண்ணுக்கு அடியில் வேறோர் எண்ணின் வளைவு எட்டிப் பார்க்கும். பழைய அச்சையே அடுத்த வருடத்துக்குத் திருத்தியதால் வருவது. 1843-இல் 3-க்கு அடியில் 2 இருக்கும் காசு இந்த வகை. அப்புறம் ராணியின் பெயரில் ‘வி’ எழுத்தைப் பாருங்கள். 1880 சிட்னி காசுகள் சிலவற்றில் ‘வி’க்குப் பதில் ‘ஏ’யைத் தலைகீழாக அடித்திருக்கிறார்கள், குறுக்குக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக, படிக்கட்டு போல இரட்டித்திருந்தால் அது பெரும்பாலும் அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தது. அதைத் தனி வகையாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 6: பதிவு

ஆண்டு, அச்சு எண், கண்ட வேறுபாடு ஆகியவற்றை எழுதி, அதே தாழ்ந்த வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சங்கிலியில் கோக்கப் பற்றவைத்த தடம் இருந்தால் அதையும் குறியுங்கள். அந்த இடத்தில் தெரியும் மேடு அச்சினுடையது ஆகாது. புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்க வேண்டாம், ஆன்செல் கோடு போன்றவை முதலில் போய்விடும்.