நவீன சேகரிப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மறுவிற்பனை மதிப்பைக் கணிப்பது எப்படி?

அரிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எதிர்கால மதிப்பைக் கணிக்க முயல்வோர், மொத்தம் எத்தனை கார்கள் தயாரிக்கப்பட்டன என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தச் சிறப்புக்காக அந்தக் காரை மக்கள் தேடுகிறார்களோ, அதே சிறப்பை அதே நிறுவனம் நாளை இன்னொரு காரில் வைத்து விற்க முடியுமா?

இக்கேள்வியின் எடையை உணர்த்த போர்ஷே 911 ஆர் போதும். 2016ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இக்கார் 991 மட்டுமே தயாரிக்கப்பட்டது. டர்போ இல்லாத 4.0 லிட்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன், ஆறு வேக மேனுவல் கியர். போர்ஷேயின் இன்னொரு மாடலான அப்போதைய 911 ஜிடி3 கார் தானியங்கி கியருடன் மட்டுமே கிடைத்ததால், மேனுவல் கியருக்காக ஏங்கியவர்கள் அனைவரும் இதன் மீது பாய்ந்தார்கள். அமெரிக்காவில் 1,84,900 டாலர் பட்டியல் விலை கொண்ட காருக்கு, அதைப் போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. ஆனால் 2017 மார்ச்சில் புதிய ஜிடி3யிலும் மேனுவல் கியர் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பெரிய பின் இறக்கை இல்லாத டூரிங் வடிவமும் வந்தது. அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. 911 ஆரின் விலை சரிந்தது. ஆயினும் பட்டியல் விலைவரை அது இறங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எடை குறைந்த உடலும் குறைந்த எண்ணிக்கையும் அதற்குரிய தனி மதிப்பைக் காத்தன.

லெக்ஸஸ் எல்எஃப்ஏவின் கதை இதற்கு நேர் எதிரானது. 2010 முதல் 2012 வரை 500 கார்கள் தயாரிக்கப்பட்டன. 3,75,000 டாலர் விலையால் தயங்கியோர் பலர் என்பதால், சில கார்கள் ஆண்டுக்கணக்கில் விற்பனையாகாமலே நின்றன. யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட, நிமிடத்துக்கு 9,000 சுற்று தொடும் அந்த வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜினைப் போன்ற ஒன்று மீண்டும் வராது என்று தெளிவானபின், அதன் விலை பட்டியல் விலையைப் பெரிதும் தாண்டிவிட்டது. இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது உங்கள் கண்ணில் பட்ட கார் என்று தீர்மானித்துக்கொண்ட பிறகே விலைப் புள்ளிகளைத் திரட்டத் தொடங்குங்கள்.

திரட்டும்போது, விளம்பரத்தில் கேட்கும் விலையை ஒதுக்கிவிட்டு, உண்மையில் கைமாறிய விலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏல முடிவுகளில் வெளியாகும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் என்பதால், விற்பவர் கைக்கு வரும் பணம் அதைவிடக் குறைவு. கடந்த ஓராண்டில் விற்ற கார்களை ஓடிய தூரம், நிறம், கூடுதல் வசதிகள் ஆகியவற்றின்படி பிரித்துப் பாருங்கள். ஏலத்தில் விலை போகாமல் திரும்பிய கார்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை எந்த விலையை ஏற்க மறுக்கிறது என்பதை அவைதான் காட்டுகின்றன.

அடுத்தது காரின் நிலை. ஒரே மாடலின் இரு கார்களுக்கு இடையே பெரும் விலை வேறுபாடு உண்டாவது இங்கேதான். மேனுவல் கியர் காரில் தவறாகக் கீழ் கியருக்கு மாற்றினால், இன்ஜின் தன் எல்லையை மீறிச் சுழலும். போர்ஷேயின் கட்டுப்பாட்டுக் கணினி இதை மீறிய அளவுக்கேற்ப ஆறு நிலைகளாகப் பதிவு செய்வதோடு, கடைசியாக எந்த இயக்க மணியில் (இன்ஜின் ஓடிய மொத்த மணிநேரக் கணக்கில்) நிகழ்ந்தது என்றும் குறித்து வைக்கிறது. உயர் நிலைப் பதிவு 30ஆவது மணியில் நிகழ்ந்து, கார் இப்போது 400 மணியைக் கடந்து நலமாக ஓடுகிறது என்றால் அச்சம் குறைவு. பதிவு அண்மையதாக இருந்தால், இன்ஜின் அழுத்தச் சோதனை செய்யாமல் விலை பேசக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மிகக் குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காரில், கார் தயாரான ஆண்டுக்கு வெகுவாகப் பிந்திய டயர் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். வயதானதால் மாற்றியிருந்தால் அதற்குரிய ரசீது இருக்கும். மறுபூச்சு நடந்ததா என்று அறியப் பெயிண்டின் தடிமனை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை: 911 ஆரின் முன் பக்கத் தகடுகள் கார்பன் ஃபைபரால் ஆனவை, உலோகத்துக்கான சாதாரண அளவி அங்கே பயன்படாது. செராமிக் பிரேக் வட்டுகளின் தேய்மானத்தை, கழற்றி எடை பார்த்து, வட்டில் பொறித்துள்ள குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட்டுச் சரியாக அறியலாம்.

சந்தையின் போக்கைப் பொறுத்தவரை வட்டி விகிதத்தைத் தொடர்ந்து கவனியுங்கள். அமெரிக்க மத்திய வங்கியின் விகிதம் 2022 தொடக்கத்தில் இருந்த, சுழியத்தை ஒட்டிய அளவிலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதமாக உயர்ந்தபோது, பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய பல விலைகள் தளர்ந்தன. சட்டங்களும் விலையை நகர்த்துகின்றன: 25 ஆண்டுகள் நிறைந்த கார்களுக்கு அமெரிக்க இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்வதால், 1999 ஜனவரியில் வெளியான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34க்கு 2024இல் அந்தச் சந்தை திறந்தது. அத்தகைய தேதிக்கு முன்பே விலை ஏறத் தொடங்கிவிடும்.

வாங்கும் ஒப்பந்தத்தில் மறுவிற்பனைத் தடை உள்ளதா என்றும் படித்துப் பாருங்கள். 24 மாத நிபந்தனையை மீறி ஃபோர்டு ஜிடியை விற்றதற்காக, மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது 2017இல் ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. இறுதியாக, காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம், முடங்கிய பணத்தின் வட்டி ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கூட்டி, எதிர்பார்க்கும் விலை உயர்விலிருந்து கழித்துப் பாருங்கள். மீதி எதிர்மறையாக வந்தால், ஓட்டி மகிழும் எண்ணம் இருந்தால் மட்டுமே அந்தக் காரை வாங்குங்கள்.