பீடி சுற்றுகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை மட்டுப்படுத்துவது எப்படி?

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. விரல்கள் ஓயாமல் ஓடும். இடுப்புக்குக் கீழே மணிக்கணக்கில் அசைவே இருக்காது. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ள வேண்டியவை தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள்தான். அவை சும்மா கிடந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே நெடுநேரம் நிற்கும். தசை சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே கொண்டுபோகும் குளுட்-4 என்ற புரதம் இன்சுலினை எதிர்பார்க்காமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். அதனால்தான் இன்சுலின் சரியாக எடுபடாத உடம்பிலும் நடை பலன் தருகிறது.

எவ்வளவு நடந்தால் போதும்? 2012-இல் மெல்போர்னில் உடல் பருத்த 19 பேரை வைத்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடந்த நாளில், உட்கார்ந்தே இருந்த நாளைவிடச் சர்க்கரை ஏற்றம் 24 சதவீதம் குறைந்தது. 2023-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரைச் சோதித்தபோது, அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிட நடைதான் ஏற்றத்தைப் பாதியளவுக்கும் கீழே கொண்டுவந்தது. அரை மணிக்கு ஒரு நிமிடம் நடந்ததில் இரத்த அழுத்தம் சற்று இறங்கியதே தவிர சர்க்கரையில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. இரண்டிலும் ஆட்கள் குறைவு. அதே சதவீதம் உங்களுக்கும் வரும் என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு இவை போதும்.

ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம் நாள் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரி என்றால் கட்டுப்படியாகாது. சாப்பிடத் தொடங்கி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில்தான் பொதுவாகச் சர்க்கரை உச்சத்தைத் தொடும். எனவே மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. முதல் கவளம் எடுத்த நேரத்தைப் பார்த்து வையுங்கள். கணக்கு அங்கிருந்துதான்.

2. 30, 60, 90, 120-ஆவது நிமிடங்களில் 5 நிமிடம் நடங்கள். மொத்தம் 20 நிமிடம். ஆயிரம் பீடியைப் பத்து மணி நேரத்தில் சுற்றுகிறவருக்கு 50 பீடி என்பது ஏறக்குறைய அரை மணி. அலாரத்தைவிட இந்தக் கணக்கு கைக்கு எளிது: ஐம்பது முடிந்தால் சொளவை இறக்கி வையுங்கள்.

3. வெயிலில் இறங்க வேண்டாம். பட்டாசல் (வீட்டுக் கூடம்) போதும். 20 அடி நீளமுள்ள பட்டாசலில் 5 நிமிடத்துக்கு நாற்பது தடவை கடக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரி.

4. தண்ணீர் எடுப்பது, துணி காயப்போடுவது, சுற்றிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோவது ஆகியவற்றை இந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. நிற்பதால் கொஞ்சம் பலன் உண்டு என்றாலும் நடைக்கு அது ஈடில்லை.

“அதான் சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறேனே” என்று விட்டுவிடுவதில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. அந்த நடை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் 2024-இல் சீனாவில் உடல் எடை கூடிய ஆண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே மூச்சில் அரை மணி நடந்ததைவிட, 45 நிமிடத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை குந்தி எழுந்ததே சர்க்கரையைக் கூடுதலாகக் குறைத்தது. நடக்க இடமில்லாத வீட்டில் இதைச் செய்யலாம். முட்டு வலிப்பவர்கள் முழுதாகக் குந்தாமல், சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழட்டும்.

அவசர ஆர்டர், எழுந்திருக்கவே முடியாது என்ற நாளுக்குக் கெண்டைக்காலின் அடியில் இருக்கும் சோலியஸ் தசை இருக்கிறது. உடல் எடையில் ஒரு சதவீதம்தான். ஆனால் எளிதில் களைக்காது. முட்டு ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்குகிற உயரத்தில் முக்காலி போட்டு உட்காருங்கள். தரையில் கால் நீட்டியோ சம்மணமிட்டோ இதைச் செய்ய முடியாது. முன்பாதம் தரையிலேயே பதிந்திருக்க, குதிகாலை முடிந்த மட்டும் தூக்கி, பிறகு தானாக விழ விடுங்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இதனால் சர்க்கரை ஏற்றம் 52 சதவீதம் குறைந்தது. அவர்கள் தசையின் மின்னசைவைக் கருவியில் பார்த்தபடி மணிக்கணக்கில் செய்தவர்கள். பத்து நிமிடம் ஆட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. நடைக்கு மாற்றாக இல்லாமல், நடை தவறும்போது துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். புகையிலைத்தூள் உணவோடு உள்ளே போகக் கூடாது. பிறகு பொரியல், கூட்டு, முட்டை, மீன் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். 2015-இல் அமெரிக்காவில் 11 சர்க்கரை நோயாளிகளிடம், காய்கறியும் இறைச்சியும் முதலில், மாவுப்பொருள் கால் மணி கழித்து என்று கொடுத்தபோது, மாவுப்பொருளை முதலில் சாப்பிட்ட நாளைவிட, ஒரு மணி கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சொதிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றின் பக்கம்.

பலன் தெரிய வேண்டுமானால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒரே சாப்பாடு, ஒரே அளவு. மூன்று நாள் உட்கார்ந்தும், மூன்று நாள் நடந்தும். சாப்பிடுமுன் ஒருமுறை, முதல் கவளத்திலிருந்து ஒரு மணி கழித்து ஒருமுறை. கருவியிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்பதால், 160 இருந்தது 150 ஆனதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விரலில் இனிப்போ பழச்சாறோ ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக ஏறும். கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள். பீடி சுற்றக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும்; மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனியில் வேண்டாம். இரத்தம் தொட்டுப் பார்க்கும் சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவை உடனே மூடாவிட்டால் ஈரக்காற்று பட்டுப் பட்டை கெடும்.

காலில் புண் இருந்தாலும் மதமதப்பு இருந்தாலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, சூடாக வலித்தால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நடையையும் குதிகால் அசைவையும் நிறுத்தி அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நடையைத் தொடங்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தோடு நடையும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும் என்பதால் மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.