சேலத்தில் புது எம்பிராய்டரி யூனிட்: லாபம் தரும் ஆர்டரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கிய கையோடு வாசலில் போர்டு வைத்து, வருகிற வேலையை எல்லாம் எடுத்தால் மெஷின் ஓய்வில்லாமல் ஓடும், ஆனால் மாதக் கடைசியில் தவணை கட்டப் பணம் இருக்காது. ஆர்டர் தேடிக் கிளம்பும் முன், மெஷின் ஒரு மணி நேரம் ஓட என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்குத் தவணை 12,000, வாடகை 6,000, ஆபரேட்டர் சம்பளம் 18,000, கரண்டும் சர்வீஸும் 6,000. ஆக மாதம் 42,000 ரூபாய். கடை எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும், நூல் அறுந்து நிற்பதிலும் பாபின் (அடிநூல் சுற்றிய உருளை) மாற்றுவதிலும் இரண்டு மணி போய்விடும். எனவே நாளுக்கு 6 மணி, 25 நாள் என்றே வையுங்கள். 150 மணி நேரம். மணிக்கு 280 ரூபாய். சட்டையின் இடது நெஞ்சில் வரும் மூன்றரை அங்குல லோகோவுக்கு 6,000 ஸ்டிட்ச் என்றால், நிமிடத்துக்கு 700 வேகத்தில், நூல் வெட்டும் நேரமும் சேர்ந்து பத்து நிமிடம். ஃப்ரேம் மாட்டிக் கழற்ற இரண்டு நிமிடம். மணிக்கு 5 சட்டை, ஒன்றுக்கு 56 ரூபாய். நூல், துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் பேக்கிங் பேப்பர் சேர்ந்தால் அடக்கம் 60-ஐத் தொடும்.

பிறந்தநாளுக்கு ஒரே ஒரு டி-ஷர்ட்டில் பெயர் கேட்டு வருபவருக்கு எழுத்து மாதிரி காட்டி, பஞ்சிங் போட்டு (டிசைனை மெஷின் படிக்கும் ஃபைலாக மாற்றி), நூல் கலர் மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடக்கமே 210 ரூபாய். அதைச் சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார்; போகட்டும். நீங்கள் தேட வேண்டியது லோகோ மாறாமல் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களை. அங்கே பஞ்சிங் ஒரு தடவைதான், அதே ஃபைல் வருடக்கணக்கில் ஓடும்.

அந்த வரிசையில் முதலிடம் தனியார் ஆஸ்பத்திரிக்கு. நர்ஸ், லேப், செக்யூரிட்டி என்று 60 பேர், ஆளுக்கு இரண்டு செட் என்றால் 120 உருப்படி; நான்கு நாள் வேலை. அதன்பிறகு புது ஆள் சேரும்போதெல்லாம் பத்து, இருபது என்று வரும். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். யூனிஃபார்ம் வாங்கும் நிர்வாக அலுவலரையோ நர்சிங் சூப்பரின்டென்டென்டையோ பாருங்கள். இப்போது போடும் உடையில் என்ன குறை என்று கேட்டால் "துவைச்சா லோகோ வெளுத்துப்போகுது" என்ற பதில் வரலாம். ரேயான் நூலில் தைத்தால் அப்படித்தான், பிளீச்சிங் தாங்காது. ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் பாலியஸ்டர் நூல் மட்டும் போடுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். அவர்களுடைய லோகோவையே, அவர்கள் உடுத்தும் துணியின் ரகத்திலேயே தைத்து எடுத்துப்போங்கள். தமிழ் எழுத்து இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் 'கண்' என்று தைத்துப் பாருங்கள்: ண்-இன் சுழி நூலால் அடைத்துக்கொள்ளும், புள்ளி முடிச்சு போல எழும்பி நிற்கும். எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது வரியைக் குறைக்கச் சொல்லுங்கள். இதை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்பவரிடம் விலை பேரம் குறையும்.

ஏற்காடு தனிச் சந்தை. ரிசார்ட்டுகள், விடுதியோடு கூடிய பள்ளிகள், காபி எஸ்டேட்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. குளிர் ஊர் என்பதால் ஸ்வெட்டர், ஜாக்கெட் வேலையும் உண்டு. பின்னலாடைக்கு அடியில், தைத்தபின் கிழித்தெடுக்கும் பேப்பர் போட்டால் ஓரிரு சலவையில் லோகோ சுருங்கி நெளியும். வெட்டி எடுக்கும் கெட்டிப் பேப்பர்தான் சரி. டவலுக்கு மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் விரித்துத் தைக்காவிட்டால் பூந்துவாலையின் நூல்வளையங்கள் எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும். நான்கைந்து இடங்களுக்கு முன்கூட்டியே போன் செய்து ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்; மலை ஆர்டருக்கு 50 உருப்படி குறைந்தபட்சம் என்று வையுங்கள். சீசன் ஏப்ரல், மே. அதனால் ரிசார்ட்டை ஜனவரியில் பார்க்க வேண்டும். ஜூனில் திறக்கும் பள்ளிக்கும் அப்போதே போய்விடுங்கள். தீபாவளிக்குத் தொழிலாளிகளுக்குச் சட்டை கொடுக்கும் கம்பெனிகளை, கல்யாண வேலை ஓய்ந்திருக்கும் ஆடியில் பாருங்கள்.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊரின் சேலை பார்டர் வேலை மூட்டை மூட்டையாக வரும் என்று ஆசை காட்டும். ஒரே நேரத்தில் பல துணியில் தைக்கும் பல தலை மெஷின்காரர்களின் ரேட்டுக்கு ஒற்றைத் தலை மெஷினால் ஈடுகொடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் கடைகளின் ஜாப் ஒர்க் கூலி குறைவு, ஆனால் வேலையில்லாத நாளை நிரப்பும். டெய்லர் கொடுத்த ஆர்டரின் சொந்தக்காரரிடம் நேராகப் போய் விலை பேசாதீர்கள். அந்தச் செய்தி ஒரே நாளில் கடைவீதி முழுக்கப் பரவிவிடும்.

துணி ஆர்டர் கொடுப்பவருடையது என்றால் 100-க்கு 2 கூடுதலாக வாங்கிக்கொண்டு, சேதக் கணக்கைச் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊசி பனியன் துணியில் ஓட்டை போட்டபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்து அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள்: 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கம்பெனி அக்கவுண்டன்டுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆர்டர் முடிந்ததும் ஃபைல் பெயர், நூல் ஷேடு எண், பேப்பர் ரகம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, தைத்த மாதிரித் துண்டு ஒன்றை அதோடு பின் செய்து வையுங்கள். பத்து மாதம் கழித்து "அதே மாதிரி இன்னும் பதினைந்து" என்று போன் வரும்போது நீலத்தில் எந்த நீலம் என்று தேட வேண்டியிருக்காது.